விமானம் காட்ட எங்கே கூட்டிப்போவது: பெங்களூரா, விசாகப்பட்டினமா, கோவாவா?

தஞ்சாவூர், பாபநாசம், மன்னார்குடி பக்கத்துப் பிள்ளைகளுக்குப் போர் விமானச் சத்தம் புதிதல்ல. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துக்கு 2020 ஜனவரியில் சுகோய்-30 படைப்பிரிவு வந்தது. அதிலிருந்து அவ்வப்போது தலைக்கு மேலே உறுமல் கேட்கும். வாசலுக்கு ஓடி வருவதற்குள் விமானம் எங்கேயோ போயிருக்கும். கிட்டே நின்று பார்க்க ஆசைப்பட்டால் தளத்துக்குள் விட மாட்டார்கள். அருங்காட்சியகம்தான் வழி. டெல்டாவில் அப்படி ஒன்று இல்லாததால் ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

விவசாயக் குடும்பங்களுக்கு அதற்குத் தோதான மாதம் மே. பள்ளி விடுமுறை ஒரு பக்கம். ஜூன் 12-ஆம் தேதி வழக்கப்படி மேட்டூரைத் திறந்துவிட்டால் குறுவை வேலையில் யாருக்கும் நகர முடியாது என்பது இன்னொரு பக்கம். அதனால் மூன்று ஊர்களையும் மே மாதத்தை வைத்தே எடை போடுகிறேன். டிசம்பரில் போகிறவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

கிட்டே இருப்பது பெங்களூரு. மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மைசூர் எக்ஸ்பிரஸில் மாலையில் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். பழைய விமான நிலையச் சாலையில், விமானம் தயாரிக்கும் அரசு நிறுவனமான எச்.ஏ.எல். 2001-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. 1940-இல் வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் கம்பெனிதான் பின்னாளில் எச்.ஏ.எல். ஆனது. ஒரு கூடத்தில் அந்தக் கதை பத்தாண்டு பத்தாண்டாகப் படங்களில் வரிசையாக ஓடுகிறது. உண்மையைச் சொன்னால், சின்னப் பிள்ளைகள் இந்தக் கூடத்தை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள்.

அடுத்த கூடம் அப்படியல்ல. உள்ளே நடப்பது தெரியும்படி எஞ்சின்களை வெட்டித் திறந்து வைத்திருக்கிறார்கள். காற்று முன்னால் நுழைகிறது, அடுக்கடுக்கான விசிறிகளில் நசுங்குகிறது, எரிபொருளோடு சேர்ந்து எரிகிறது, பின்னால் பீறிட்டு வெளியேறுகிறது. பாடப் புத்தகத்தில் நியூட்டனின் மூன்றாம் விதியை மனப்பாடம் செய்த எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அதைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

வெளியே புல்வெளியில் விமானங்கள் நிற்கின்றன. மாருத் போர் விமானத்தைத் தவறவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு ஃபோக்கே-வுல்ஃப் 190 விமானத்தை வடிவமைத்த குர்ட் டாங்க், பிறகு பெங்களூருக்கு வந்து நம் பொறியாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது இது. 1961-இல் முதன்முதலாகப் பறந்தது, 1971 போரில் சண்டையிட்டது. தோதான எஞ்சின் கடைசிவரை கிடைக்காததால், வடிவம் கேட்ட வேகத்தை அது எட்டவே இல்லை. பிள்ளைகளிடம் வெற்றிக் கதைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறோம், இந்தக் கதையையும் சொல்லலாம். இன்னொன்று நம் பக்கத்துக்காரர்களுக்கென்றே இருக்கிறது. இதே எச்.ஏ.எல். எழுபதுகளில் பசந்த் என்று ஒரு சிறிய விமானம் செய்தது, வயலுக்குப் பூச்சிமருந்து தெளிப்பதற்காகவே. இன்று வரப்பில் நின்று ட்ரோனை இயக்குகிற தலைமுறைக்கு அது ஒரு தாத்தா.

பெங்களூருக்கு இன்னொரு சாதகம் வெயில். மே மாதத்தில் மற்ற இரண்டு ஊரிலும் மதியம் வெளியே நிற்க முடியாது. இங்கே சாயங்காலம் ஒரு மழைகூடக் கிடைக்கலாம்.

விசாகப்பட்டினத்துக்கு நேர் எதிரான குணம். அங்கே இருப்பது ஒரே ஒரு பெரிய விமானம், டியு-142. ஆனால் அதன் வயிற்றுக்குள் ஏறிப் போகலாம். இந்த ஒன்றுக்காகவே, பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். பெங்களூரில் இருபது நிமிடத்தில் "போலாமா?" என்று கேட்கிற பிள்ளை இங்கே இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

டியு-142 நம் மாநிலத்துக்குத் தூரத்து உறவும்கூட. 1988-இல் கடற்படை வாங்கிய இந்த ரஷ்ய விமானங்கள், 1992-இலிருந்து அரக்கோணம் ராஜாளி தளத்தில்தான் இருந்தன. 2017 மார்ச்சில் அங்கேயே ஓய்வு பெற்றன. அடுத்த மாதம் அரக்கோணத்திலிருந்து பறந்து போன ஒரு விமானத்தைத்தான் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2017 டிசம்பரில் திறந்தார்கள். இறக்கையின் அகலம் 50 மீட்டர். நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சுழல்விசிறிகள், எதிரெதிர்த் திசையில் சுற்றுபவை. கடலில் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடிப்பதுதான் இதன் வேலை. சாலையைக் கடந்தால் மணலில் ஐ.என்.எஸ். குர்சுரா, 1969 முதல் 2001 வரை ஓடிய நிஜ நீர்மூழ்கி. அதற்குள்ளும் போகலாம். தேடுகிறவனையும் ஒளிகிறவனையும் ஒரே சாயங்காலத்தில் உள்ளே புகுந்து பார்க்க முடிகிற இடம் இது. எந்த விளக்கப் பலகையும் செய்யாத வேலையை இந்த ஏற்பாடு செய்துவிடுகிறது.

விசாகப்பட்டினத்தின் ஒரே குறை, தூரம். சென்னை போய் ரயில் மாறிப் போனால் ஒரு வழிக்கே ஏறக்குறைய ஒரு நாள் ஓடிவிடும். அப்புறம் அந்த மே மாதப் புழுக்கம். பகலில் அறையிலேயே இருந்துவிட்டு மாலையில் கிளம்புங்கள்.

கோவா? வேளாங்கண்ணியிலிருந்து வாரம் ஒருமுறை வாஸ்கோடகாமாவுக்கு ரயில் இருக்கிறது. அது கடைசியாக நிற்கும் ஊருக்குப் பக்கத்திலேயே, போக்மாலோ போகும் வழியில், கடற்படையின் விமான அருங்காட்சியகம். 1998-இல் தொடங்கியது. அந்தரத்தில் நின்று செங்குத்தாக இறங்கும் சீ ஹாரியர், விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக், அலிஸே எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது சூப்பர் கான்ஸ்டலேஷன். ஏர் இந்தியாவின் பயணிகள் விமானமாக இருந்து, விமானப்படைக்குப் போய், கடைசியில் கடற்படையில் ரோந்து சுற்றியது. மூன்று வால் துடுப்போடு அப்படி ஓர் அழகு. ஆனால் பெரும்பாலும் திறந்தவெளி. மே மாதம் வெயில், ஜூனில் அடைமழை. விமானப் பைத்தியம் பிடித்த ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் இருந்தால் போங்கள். அப்படி யாரும் இல்லாத குடும்பம் கடற்கரையைத்தான் பார்த்துவிட்டு வரும்.

விமானக் கண்காட்சிகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெங்களூரு எலகங்காவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நடக்கும் ஏரோ இந்தியா நல்ல வேடிக்கைதான், ஆனால் பிப்ரவரியில் வரும், பரீட்சை நேரம். 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியில் வெயிலும் கூட்டமும் என்ன செய்தன என்று எல்லாருக்கும் தெரியும். அந்த நெரிசலுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போக எனக்கு மனம் வராது.

மூன்று இடத்துக்கும் பொதுவான ஒரு குறை இருக்கிறது. விமானத்தை நிறுத்துகிறார்கள், பக்கத்தில் பலகை வைக்கிறார்கள், பெரும்பாலும் அதோடு சரி. வாஷிங்டன் பக்கம் மகன், மகள் வீட்டில் போய்த் தங்கும் நம்மூர்ப் பெற்றோர் அங்குள்ள டல்லஸ் (Dulles) விமான நிலையத்தை ஒட்டிய ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போயிருப்பார்கள். டிஸ்கவரி விண்கலமும் கான்கார்டும் ஒரே கூரையின் கீழ் நிற்கும் இடம், நுழைவுக் கட்டணமும் கிடையாது. அங்கே தன்னார்வலர்கள் கூடவே நடந்து வந்து விளக்குகிறார்கள். மாதம் முழுக்கப் பேச்சு, பயிற்சி, குடும்ப நாள் என்று ஏதாவது இருக்கும். பொருளைவிட இந்த நிகழ்ச்சிகள்தான் பிள்ளைகளை மறுபடி வரவழைக்கின்றன.

அதனால் நாமே அந்த மாதத்தை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். விமானப்படையிலோ கடற்படையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சுற்றுவட்டாரத்தில் யாராவது இருப்பார். மே முதல் வாரம் அவரைப் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அண்ணா அறிவியல் மையம், காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். அங்கே கோளரங்கம்தான் பிரதானம், விமானத்தை எதிர்பார்க்க வேண்டாம். மூன்றாம் வாரம் பெரிய பயணம். பெரிய பிள்ளைகள் என்றால் பெங்களூரு, சின்னவர்கள் என்றால் விசாகப்பட்டினம். இரண்டும் கலந்து இருந்தால் பெங்களூருதான், ரயிலில் ஓர் இரவு போதும்.

ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. மே மூன்றாம் வாரத்துக்கு மார்ச் நடுவிலேயே படுக்கை போட்டுவிடுங்கள். கோவாவுக்கோ விசாகப்பட்டினத்துக்கோ போனால் திங்கட்கிழமையைத் தவிர்க்கவும், பூட்டியிருக்கும்.