ஒரு அடிப் பலகையும் 3018 மெஷினும்: செங்கோட்டையிலிருந்து ஒரு அனுபவப் பகிர்வு

3018 சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் சின்ன மெஷின்) வாங்கலாமா என்று யார் கேட்டாலும், என்ன அளவுப் பலகையில் வேலை செய்யப் போகிறீர்கள் என்றுதான் முதலில் திருப்பிக் கேட்கிறேன். சில வருடங்களாக வீட்டிலேயே வைத்து வீட்டுப் பெயர்ப் பலகை, பூஜையறைக் கதவுக்குச் சின்ன பேனல், பிள்ளையார் முகம் என்று ஓட்டி வருகிறேன். நல்ல மெஷின், விலைக்கு மேலேயே உழைக்கிறது. மரம் வீணாவது மட்டும் பெரும்பாலும் மெஷினை ஆன் செய்யும் முன்பே, பலகையை அளந்து அறுக்கும் இடத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவு முழுக்க அளவைப் பற்றித்தான்.

3018 என்றால் 300 மி.மீ.க்கு 180 மி.மீ. இது ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்) பலகையின் மேல் நகரும் தூரம், அதாவது வெட்டும் பிட்டின் நடுப்புள்ளி போய்வரக்கூடிய எல்லை. நம் ஊரில் ஆர்டர் கொடுப்பவர்கள் "ஒரு அடிக்கு ஒரு போர்டு" என்பார்கள். ஒரு அடி 304.8 மி.மீ. அந்த 5 மி.மீ. வித்தியாசத்தில் ஓரத்து பார்டர் அடிபட்டுப் போகும். கேரளத்தில் புனலூர், ஆரியங்காவு பக்கமிருந்து வரும் ஆர்டரில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே வீட்டுக்கு வீடு பெயர் வைப்பதால் பலகை வேலை நிறைய வரும், ஆனால் ஆசாரி மூலமாக வரும் அளவு சில நேரம் விரல் கணக்கில் இருக்கும். செங்கோட்டையே முன்பு திருவிதாங்கூரிலும், 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர்தான், இங்கேயும் வயதான ஆசாரிமார் வாயில் கோலும் விரலும் சகஜமாக வரும். கோல் 72 செ.மீ., அதில் 24 விரல், ஒரு விரல் 3 செ.மீ. "பன்னிரண்டு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் அது இஞ்சாக இருந்தால் 30.5 செ.மீ., விரலாக இருந்தால் 36 செ.மீ. போனில் ஒரு வார்த்தை கேட்டு, மில்லிமீட்டரில் எழுதி, அதையே திருப்பி அனுப்பிச் சரி வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகையை எவ்வளவு பெரிதாக எடுப்பது? ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். முடிந்த பெயர்ப் பலகை 240 × 150 என்று வைத்துக்கொள்வோம். சுற்றி அறுத்தெடுக்க 3.175 மி.மீ. பிட் போட்டால், அதன் வெட்டுத் தடம் வெளிப்பக்கமாக ஓடுவதால் உண்மையில் 246.4 × 156.4 இடம் தின்னும். இரண்டு பக்கமும் கிளாம்ப் (பலகையை மேசையோடு பிடிக்கும் பிடி) உட்கார 25 மி.மீ. விட்டால் நீளம் 296 ஆகிவிட்டது. ஆக 300 × 180 பலகையில் நிம்மதியாக எடுக்கக்கூடிய பெயர்ப் பலகை 240 × 150தான். பலகையை முதலிலேயே 240க்கு அறுத்துவிட்டால் கிளாம்ப் போட இடம் இருக்காது, போட்டாலும் பிட் போய் அதில் இடிக்கும். செதுக்கி முடித்த பிறகு அறுப்பதே சரி.

தடிமனுக்கு வருவோம், மரம் அதிகம் ஏமாற்றுவது இங்கேதான். அறுப்பு மில்லில் நான் கேட்டது இது:

"அண்ணாச்சி, ஒரு இஞ்சுப் பலகைன்னா இழைச்சதுக்கு அப்புறம் ஒரு இஞ்சா?"

"அறுக்கும்போது ஒரு இஞ்சு. இழைச்சா முக்காலுக்குக் கொஞ்சம் மேல நிக்கும், பாத்துக்கிடுங்க."

அவர் சொன்னதுதான் நடைமுறை. 25 மி.மீ. என்று சாப்ட்வேரில் போட்டுவிட்டு 21 மி.மீ. பலகையை வைத்தால், அறுத்தெடுக்கும் வேலையில் பிட் மேசைமேல் அடிப்பலகையாகப் போட்டிருக்கும் எம்டிஎஃப்புக்குள் 4 மி.மீ. இறங்கிப் போகும். பலகையின் நாலு மூலையிலும் நடுவிலும் வெர்னியர் வைத்துப் பார்த்து, வந்த அளவைப் போடுங்கள். ஆரம்பப் புள்ளி வைப்பதிலும் ஒரு பழக்கம் உதவும்: எழுத்து செதுக்க இசட் பூஜ்யத்தை (மேலும் கீழும் போகும் ஆழம் எங்கிருந்து எண்ணப்படுகிறதோ அந்தப் புள்ளியை) பலகையின் மேல் முகத்தில் வையுங்கள், முழுக்க அறுத்தெடுக்க அடிப்பலகையின் மேல் வையுங்கள்.

எழுத்து வேலைக்கு மேல் முகம் எவ்வளவு மட்டமாக இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 90 டிகிரி வி-பிட் (V வடிவக் கூர்முனைப் பிட்) எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதைப்போல இரண்டு மடங்கு அகலமாக வெட்டும். பலகையின் ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் மேடாக இருந்தால் அந்தப் பக்க எழுத்தின் கோடு ஒரு மில்லிமீட்டர் தடித்துவிடும். மலையாள எழுத்தின் வளைவுகளில் இது சட்டென்று கண்ணில் படும். 60 டிகிரி பிட்டில் இந்தத் தொல்லை பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

பலகை வளைவது எங்கள் ஊரில் பருவத்தோடு சேர்ந்த விஷயம். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை குற்றாலச் சாரல், மரம் ஈரத்தைக் குடிக்கும். தேக்கு பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது மரத்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் போகும் திசையில் சுமார் 2.5 சதவீதமும், வளர்ச்சி வளையத்தை ஒட்டிய திசையில் அதன் இரண்டு மடங்கும் சுருங்கும். நீள வாக்கில் அநேகமாக மாற்றமே இல்லை. 180 மி.மீ. அகலமுள்ள பலகை சாரலுக்கும் வெயிலுக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் அசைந்துவிடும். அதனால் சட்டத்துக்குள் உட்காரும் பேனல் என்றால் அகலத்தில் இடைவெளி விட்டே வரைகிறேன். மில்லிலிருந்து வந்த பலகையைச் சாரல் மாதத்தில் உடனே மெஷினில் ஏற்றாமல் வீட்டுக்குள் குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கிப் போட்டுவிடுவது என் வழக்கம். பலா, அயினி (காட்டுப்பலா) இரண்டும் நன்றாகச் செதுக்கும், ஆனால் அரைகுறையாகக் காய்ந்த பலகையின் ஒரு முகத்தை மட்டும் ஆழமாகச் சுரண்டினால் அது உடனே வளைந்துகொள்கிறது.

பலகை நீளமாக இருந்தால் கவலை வேண்டாம், இந்த மெஷினில் மேசைதான் முன்னும் பின்னும் நகர்கிறது, அதனால் அந்த ஒய் திசையில் பலகை இரு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். 180 மி.மீ. செதுக்கி, பலகையை நகர்த்தி, அடுத்த 180 செதுக்கலாம். பக்கவாட்டில் ஒரு நேர்ச் சட்டத்தை அடிப்பலகையில் திருகி அதை ஒட்டியே நகர்த்தினால்தான் வரி நேராக நிற்கும். நீட்டிக்கொண்டிருக்கும் முனையின் பாரம் மேசையைச் சாய்த்துவிடும், அடியில் உருளை ஏதாவது கொடுங்கள். உயரம் அப்படி வளைந்து கொடுக்காது. இசட் நகர்வு 45 மி.மீ.தான், 40 மி.மீ. தடிப் பலகையும் நீளமான பிட்டும் சேர்ந்தால் தூக்கித் தாண்ட இடமே இல்லாமல் போகும்.

எல்லாம் சரியாக அளந்தும் அளவு உதைத்தால் மெஷினைச் சோதியுங்கள். 200 மி.மீ. நகரச் சொல்லி 199 மட்டும் நகர்ந்தால், ஜிஆர்பிஎல் (மெஷினை ஓட்டும் உள் மென்பொருள்) செட்டிங்கில் ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை அடி எடுக்க வேண்டும் என்ற அந்த அச்சின் எண்ணை, வழக்கமாக 800 இருக்கும், 200ஆல் பெருக்கி 199ஆல் வகுத்து 804.02 என்று மாற்றுங்கள். எக்ஸ் அச்சுக்கு $100, ஒய்க்கு $101. மாற்றும் முன் திருகுக் கம்பியில் அடைந்திருக்கும் தூளைத் துடையுங்கள், நட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள். நட்டு தேய்ந்திருந்தால் வட்டம் கோணலாகவே வரும், எண்ணை மாற்றி அதைச் சரிக்கட்ட முடியாது.

உங்கள் ஆர்டரெல்லாம் ஒரு அடிக்கு மேல்தான் என்றால் 3018 வேண்டாம், பணம் சேர்த்து 6040 (600க்கு 400 மி.மீ. மெஷின்) பாருங்கள். அரை அடி, முக்கால் அடிப் பலகைக்கு இது தாராளமாகப் போதும்.