அளவு ஒத்துவராத டிஸ்க்குகளில் ஸ்னாப்ரெய்ட் + மெர்ஜர்எஃப்எஸ்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

8, 8, 4, 3, 2 டிபி என்று ஐந்து ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன, மொத்தம் 25 டிபி. ஒன்று செத்தாலும் தரவு தப்ப வேண்டும். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஐந்தையும் ஒரே ரெய்ட்இசட்1 தொகுப்பாகச் சேர்த்தால் எல்லாமே 2 டிபி டிஸ்க்காகத்தான் எண்ணப்படும். கிடைப்பது சுமார் 8 டிபி. பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் ரெய்ட்1 (எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதுவது) அளவு வித்தியாசத்தைச் சமாளித்து 12.5 டிபி தரும். ஸ்னாப்ரெய்ட் என்பது, டிஸ்க் ஒன்று செத்தால் மீட்பதற்கான கணக்கை (பேரிட்டி) தனி டிஸ்க்கில் எழுதி வைக்கும் மென்பொருள். அதில் ஒரு 8 டிபி பேரிட்டிக்குப் போக, மீதி 17 டிபி முழுதும் நமக்கே. அந்த மீதி டிஸ்க்குகளை ஒரே ஃபோல்டர்போல் காட்டுவது மெர்ஜர்எஃப்எஸ்.

படம், பாட்டு, குடும்ப வீடியோ என்று எழுதிவிட்டு அப்படியே வைத்திருக்கும் கோப்புகளுக்கு ஸ்னாப்ரெய்ட்தான் என் தேர்வு. டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் போல ஓயாமல் மாறுபவற்றை அதில் வைக்கவே கூடாது. அவற்றுக்கு இரண்டு எஸ்எஸ்டியை மிரராகப் போடுங்கள்.

பேரிட்டி டிஸ்க், டேட்டா டிஸ்க்குகளில் பெரியதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரண்டும் சம அளவு என்றால் ஒரு சிக்கல் உண்டு. ஸ்னாப்ரெய்ட் 256 கிபி பிளாக்குகளாகக் கணக்கு வைக்கிறது; ஒவ்வொரு கோப்பின் கடைசி பிளாக்கிலும் சராசரியாகப் பாதி வீண். ஒரே டிஸ்க்கில் 10 லட்சம் கோப்பு இருந்தால் சுமார் 130 ஜிபி அப்படிப் போகும், டேட்டா டிஸ்க் நிறையும் முன்பே பேரிட்டி நிறைந்துவிடும். அதனால் பேரிட்டி டிஸ்க்கை ஈஎக்ஸ்டி4-இல் ரிசர்வ் (சிஸ்டத்துக்கு ஒதுக்கும் இடம்) பூஜ்யமாக வைத்து ஃபார்மேட் செய்து, மெர்ஜர்எஃப்எஸ்ஸில் மின்ஃப்ரீஸ்பேஸை (ஒவ்வொரு டிஸ்க்கிலும் காலியாக விடும் இடம்) 200 ஜிபி என்று வைப்பது நல்லது.

ஸ்னாப்ரெய்ட் உடனுக்குடன் காப்பதில்லை என்பது பலருக்கும் தெரியும். புதிதாகச் சேர்த்த கோப்பு அடுத்த சிங்க் (பேரிட்டியைப் புதுப்பிக்கும் கட்டளை) வரை பாதுகாப்பில்லாமல் இருக்கும், அவ்வளவுதான். அழிப்பதுதான் ஆபத்து. இரண்டாவது டிஸ்க்கில் 300 ஜிபி அழித்துவிட்டு சிங்க் ஓடுவதற்குள் முதல் டிஸ்க் போனால், அழித்த பிளாக்குகளோடு ஒரே பேரிட்டி வரிசையில் இருந்த முதல் டிஸ்க்கின் தரவும் மீளாது. பேரிட்டியிலிருந்து தரவைத் திருப்பிக் கணக்கிட அந்த வரிசையில் மற்ற எல்லா டிஸ்க்கின் தரவும் வேண்டும். பெரிய அளவில் அழிக்கும்போது கோப்புகளை அரேக்கு (ஸ்னாப்ரெய்ட் காக்கும் டிஸ்க் தொகுப்பு) வெளியே ஒரு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். சிங்க் முடிந்தபின் நீக்கலாம். நடுவில் ஏதாவது ஆனால் மீட்டெடுக்கும் ஃபிக்ஸ் கட்டளைக்கு இம்போர்ட் ஆப்ஷனில் அந்த ஃபோல்டரைக் கொடுத்தால் போதும்.

இரவு சிங்க்கை கண்ணை மூடிக்கொண்டு கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் வசதி) போடாதீர்கள். முதலில் டிஃப் (கடந்த சிங்க்குக்குப் பின் மாறியதைக் காட்டும் கட்டளை) ஓடட்டும். அழிந்தவை 50-ஐத் தாண்டினால் ஸ்கிரிப்ட் நின்று மெயில் அனுப்பட்டும்.

அடுத்தது மவுன்ட். எஃப்எஸ்டேபில் (எந்த டிஸ்க்கை எங்கே மவுன்ட் செய்வது என்ற பட்டியல்) நோஃபெயில் இருந்தால், கேபிள் தளர்ந்து ஒரு டிஸ்க் வராமல் போனாலும் சர்வர் கிளம்பிவிடும். மெர்ஜர்எஃப்எஸ், அந்த டிஸ்க் மவுன்ட் ஆகவேண்டிய காலி ஃபோல்டரையும் டிஸ்க் என்று நம்பி, சிஸ்டம் எஸ்எஸ்டியை நிரப்பத் தொடங்கும். மவுன்ட் செய்யும் முன், காலியாக இருக்கும்போதே, அந்த ஃபோல்டருக்கு சாட்டர் கட்டளையால் இம்யூட்டபிள் குறி போட்டுவிட்டால் எதுவும் எழுத முடியாது. டிஸ்க் காலியாகத் தெரிந்தால் ஸ்னாப்ரெய்ட் சிங்க் செய்ய மறுக்கும். எரிச்சலில் ஃபோர்ஸ்-எம்ப்டி (காலி என்றாலும் சிங்க் செய் என்று வற்புறுத்துவது) மட்டும் கொடுக்காதீர்கள்.

வாரம் ஒரு ஸ்க்ரப் போதும். இயல்பாக அது, கடந்த 10 நாளில் சரிபார்க்காத பிளாக்குகளிலிருந்து, மொத்த அரேயில் சுமார் 8 சதவீதத்தைச் சரிபார்க்கும். கன்டென்ட் கோப்பின் (எந்தக் கோப்பு எங்கே என்ற ஸ்னாப்ரெய்ட்டின் பட்டியல்) நகலை இரண்டு மூன்று டிஸ்க்கில் வையுங்கள்.

பிழை வந்தால் உடனே புது டிஸ்க் வாங்க ஓட வேண்டாம். ஸ்மார்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதியும் அறிக்கை) 199-ஆம் எண் மட்டும் ஏறினால் பெரும்பாலும் சாட்டா கேபிள்தான். 5, 197 ஏறினால்தான் டிஸ்க்கே போகிறது. மாற்றும்போது முதல் வேலை கிரானை நிறுத்துவது. புது டிஸ்க்கை அதே பாதையில் மவுன்ட் செய்து, அந்த டிஸ்க்குக்கு மட்டும் ஃபிக்ஸ் ஓட்டி, லாகைப் படித்து, செக் சுத்தமாக வந்த பிறகே சிங்க்.