லாக்நட் மட்டும் போதுமா, எர்த் புஷ் வேண்டுமா?

இரும்பு கான்ட்யூட் (ஒயர்கள் போகும் பைப்) பாக்ஸுக்குள் நுழையும் இடத்தில் லாக்நட்டை (பைப்பைப் பாக்ஸோடு இறுக்கும் பல் வைத்த நட்டு) மட்டும் நம்பினால், எர்த் தொடர்பு முழுவதும் அந்த நட்டின் பற்கள் பெயிண்டைக் கீறி உலோகத்தைக் கடிப்பதில்தான் இருக்கிறது. துளை சரியான அளவில் இருந்து, பெயிண்டைச் சுரண்டி, நட்டை நன்றாக இறுக்கியிருந்தால் சாதாரண லைட் சர்க்யூட்டுக்கு அது சரி.

ஆனால் பைப் நுழைய வளையம் வளையமாக உடைத்தெடுக்கும் நாக்கவுட்டில் (பாக்ஸில் முன்பே வெட்டிவைத்த துளை) வெளி வளையங்கள் மிச்சமிருந்தால், அவற்றைப் பாக்ஸோடு பிடித்திருப்பது சின்னச் சின்னத் தகட்டு ஒட்டுகள்தான், ஷார்ட் ஆகும்போது பாயும் பெரிய கரண்டைத் தாங்காமல் அவை எரிந்துபோகலாம், அப்புறம் பிரேக்கரும் விழாது, பைப்பைத் தொடுபவருக்கு ஷாக்தான்.

எர்த் புஷ் என்ற உலோக வளையத்தில் அந்தக் கவலை இல்லை: பைப்பின் மரையில் ஏற்றி ஸ்க்ரூவை முறுக்கினால், அதிலிருந்து ஒரு செம்புக் கம்பி நேராக எர்த் பாருக்கு (எர்த் கம்பிகள் எல்லாம் சேரும் உலோகப் பட்டை) போகும். மெயின் லைன் வரும் பைப்புக்கு நான் யோசிக்கவே மாட்டேன், இதுதான். லாக்நட்டைக் கழற்றிவிடாதீர்கள், பைப்பை அசையாமல் பிடிப்பது அதுதான்.