பிச்சாவரமா, உருளைக்கிழங்கா? பதினொன்றாம் வகுப்புக்கு எது?

சவ்வூடு பரவல் (செல் சவ்வு வழியே நீர் இடம்பெயர்வது) பாடம் வந்தாலே கடலூர்ப் பக்கத்து உயிரியல் ஆசிரியர்களுக்கு இந்தக் கேள்வி வரும்: பிள்ளைகளைப் பிச்சாவரம் கண்டல் காட்டுக்கு (உப்புநீர்ச் சேற்றில் வளரும் காடு) கூட்டிப் போவதா, வகுப்பிலேயே உருளைக்கிழங்கை வைத்துச் சோதனை செய்து காட்டுவதா?

செலவு
வகுப்பு: கிழங்கு, கல்லுப்பு, இரண்டு கிண்ணம்.
பிச்சாவரம்: பேருந்து வாடகை, படகுக் கட்டணம், சாப்பாடு.

நேரம்
வகுப்பு: ஒரு பாடவேளை. உப்புநீரில் போட்ட துண்டு துவண்டுவிடும், வெறும் நீரில் போட்டது விறைத்து நிற்கும். நுண்ணோக்கி இருந்தால் ரியோ என்ற அழகுச்செடி இலையின் ஊதாத் தோலை உரித்து வையுங்கள். உப்புக்கரைசல் பட்டதும் செல் உள்ளடக்கம் சுவரை விட்டுச் சுருங்குவதைச் சில நிமிடங்களில் பார்க்கலாம்.
பிச்சாவரம்: முழு நாள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம்.

மனதில் நிற்பது
இங்கே பிச்சாவரத்துக்கு ஈடில்லை. உப்புநீரில் கிழங்கு துவள்கிறது, அதே உப்பில் கண்டல் மரம் மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது? அவிசென்னியா என்ற கண்டல் மரத்தின் இலையைத் தடவி விரலை நக்கினால் உப்புக் கரிக்கும். இலைச் சுரப்பிகள் உப்பை வெளியேற்றுகின்றன. சுரபுன்னை என்ற இன்னொரு கண்டல் மரம் தன் வேரிலேயே பெரும்பகுதி உப்பைத் தடுத்துவிடுகிறது. சேற்றிலிருந்து மேல்நோக்கி முளைத்த சுவாச வேர்கள், மரத்திலேயே முளைவிட்டுத் தொங்கும் காய்கள் எல்லாம் இலவச இணைப்பு. துடுப்புப் படகே எடுங்கள். மோட்டார் சத்தத்தில் பாடம் நடக்காது.

செய்முறைத் தேர்வு நெருங்கினால் கிழங்கும் ரியோவும் போதும். ஆண்டுத் தொடக்கத்தில் ஆர்வத்தைக் கிளப்ப வேண்டுமென்றால் பிச்சாவரம், அதுவும் வகுப்புச் சோதனை முடிந்த பிறகு. முதலிலேயே போனால் அது வெறும் படகுச் சவாரி.