தம்பிக்குச் சிறுநீரகம் கொடுக்க ஊருக்கு வந்தேன்: கொடையாளருக்குக் கிடைக்கும் சேவைகள் குறித்து

டயாலிசிஸில் இருந்த என் தம்பிக்குச் சிறுநீரகம் கொடுப்பதற்காக, அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவளான நான் தமிழ்நாட்டுக்கு வந்து, பரிசோதனை முதல் அறுவை சிகிச்சை வரை அனைத்தையும் ஒரே மருத்துவமனையில் செய்துகொண்டேன். நோயாளியை அவர்கள் கவனித்துக்கொண்ட விதத்தில் எனக்குக் குறையே இல்லை. கொடுக்க வருபவரும் ஒரு நோயாளிதான் என்ற எண்ணம் எந்த இடத்தில் இருந்தது, எந்த இடத்தில் இல்லை என்பதைத்தான், இதே காரணத்துக்காக ஊருக்குப் புறப்படுகிறவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் காகிதங்கள். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர், கணவன் அல்லது மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினர்கள். 2011ஆம் ஆண்டின் திருத்தம் தாத்தா பாட்டியையும் பேரப் பிள்ளைகளையும் அந்த வரிசையில் சேர்த்தது. இந்திய உடன்பிறப்புகள் இருவர் என்றால் மருத்துவமனை அளவிலேயே அனுமதி முடிந்துவிடும். ஆனால் கொடுப்பவரோ பெறுபவரோ அயல்நாட்டுக் குடியுரிமை உடையவராக இருந்தால், கூடப் பிறந்தவராகவே இருந்தாலும், உறுப்புக் கொடைக்கு ஒப்புதல் தரும் அங்கீகாரக் குழுவின் முன்அனுமதி கட்டாயம். இந்திய வம்சாவளியினரான அயல்நாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தரும் ஓ.சி.ஐ. அட்டை இதை மாற்றாது; இந்தியக் கடவுச்சீட்டை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. உறவை உறுதிப்படுத்தி, நாம் குடியுரிமை பெற்றிருக்கும் நாட்டின் தூதரகம் தரவேண்டிய படிவம் 21தான் அதிக நாள் எடுத்துக்கொள்ளும் தாள். ஆகவே விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே, அந்தச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்று தூதரகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயரின் எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் கேள்வி வரும் என்பதால், பழைய பள்ளிச் சான்றிதழ்களையும் கையோடு கொண்டுவருவது நல்லது.

மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், இளம் பெண், இந்தத் தாள்களையெல்லாம் வரிசைப்படுத்திக் கொடுத்தார். "அக்கா, குழு உங்களைத் தனியாகக் கேட்கும், வீடியோவும் எடுப்பார்கள், மனதில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள்" என்று அவர் முன்கூட்டியே சொன்னது பெரிய தெம்பாக இருந்தது. கொடையாளர் பெண்ணாக இருந்தால், அவருடைய அடையாளத்தையும் சுயவிருப்பத்தையும் பெறுநர் அல்லாத வேறொருவர் உறுதிப்படுத்த வேண்டும் என்று விதிகளே சொல்கின்றன. இந்தியாவில் உயிருடன் இருக்கும்போதே சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதை நினைத்தால், அந்த விதியின் அருமை விளங்கும்.

இந்தப் பயணத்தில் நான் பெற்ற சிறந்த சேவையாக ஓர் உரையாடலையே சொல்வேன். சிறுநீரக மருத்துவர் ஒருவர் என் அம்மாவையும் தம்பி மனைவியையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தியபின், "உங்களுக்கு விருப்பமில்லை என்றால் இப்போது சொல்லலாம், மயக்க மருந்து கொடுக்கும் நிமிடம் வரையிலும் சொல்லலாம். மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் தெரிவிப்போம், காரணம் எங்களைத் தாண்டிப் போகாது" என்றார். எனக்கு மாற்று எண்ணம் இருக்கவில்லை. ஆனாலும் வெளியேற ஒரு வழி திறந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், என் சம்மதம் முழுக்க முழுக்க என்னுடையது என்று உணர்ந்தேன். இப்படி ஒரு சந்திப்பை மருத்துவமனை தானாக ஏற்பாடு செய்யாவிட்டால், தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

பரிசோதனைகள் வேகமாக நடந்தன. ரத்த வகை, எச்.எல்.ஏ. எனப்படும் திசு வகைப் பொருத்தம், என் வெள்ளணுக்களைத் தம்பியின் ரத்தச் சீரத்தோடு சேர்த்து எதிர்வினை வருகிறதா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச், 24 மணி நேரச் சிறுநீரில் புரதம், சர்க்கரை, இதயம், மனநல மருத்துவரின் மதிப்பீடு என்று ஒன்றன்பின் ஒன்றாக முடித்தார்கள். டி.டி.பி.ஏ. ஸ்கேன் இரண்டு சிறுநீரகங்களும் தனித்தனியே எவ்வளவு வேலை செய்கின்றன என்று காட்டியது, சி.டி. ஆஞ்சியோகிராம் ரத்தக்குழாய்களின் அமைப்பைக் காட்டியது. இடப்பக்கச் சிறுநீரகத்தின் சிரை நீளமானது என்பதால் பெரும்பாலும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் இரண்டுக்கும் திறனில் வித்தியாசம் இருந்தால், நல்லதைக் கொடையாளரிடமே விட்டுவிட வேண்டும் என்பது பொதுவான நெறி. மருத்துவர் கணினித் திரையில் என் படங்களைக் காட்டி, எதை, ஏன் எடுக்கப்போகிறோம் என்று பொறுமையாக விளக்கினார்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரங்களில் என் பங்குக்கும் வேலை இருந்தது. மூன்று பந்துகள் உள்ள ஸ்பைரோமீட்டரை வாயில் வைத்து, மூச்சை மெதுவாக உள்ளிழுத்துப் பந்துகளை மேலே நிறுத்தப் பழகினேன். மயக்கத்துக்குப் பிறகு நுரையீரலில் சளி கட்டாமல் இருக்க இது உதவுகிறது. புகைப்பிடிப்பவர்கள் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். கருத்தடை மாத்திரை உட்பட எந்த மருந்து எடுத்துக்கொண்டாலும், ரத்தக் கட்டு அபாயத்தைக் கருதி, மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

குறை தெரிந்தது அறுவை சிகிச்சை முடிந்த பிறகுதான். தம்பியைச் சுற்றி ஒரு பெரிய குழுவே இருந்தது. என் அறைக்கு வருபவர்கள் குறைந்துபோனார்கள். சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையில் வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு தோள்பட்டையில் கடும் வலியைத் தரும் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. காயம் வயிற்றில் இருக்க வலி தோளில் வந்ததும் பயந்துபோனேன். இரவுப் பணியில் இருந்த செவிலியர்தான் காரணத்தைச் சொல்லி, மெதுவாக எழுப்பி நடக்கவும் வைத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் காயத்தைப் பார்க்க வரவேண்டிய தேதியைத் தவிர எனக்கென்று எதுவும் எழுதப்படவில்லை. தம்பியின் தாளோ பக்கம் பக்கமாக இருந்தது.

ஆகவே வேண்டியதை நானே கேட்டு எழுதி வாங்கினேன்: அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள் அடங்கிய குறுந்தகடு, விமானத்தில் செல்லத் தகுதி உண்டு என்ற கடிதம், ஏறத்தாழ ஆறு வாரங்களுக்குப் பாரம் தூக்கக்கூடாது என்று என் நிறுவனத்துக்கு ஒரு சான்று. எஞ்சியிருக்கும் சிறுநீரகம் தன் வேலையைக் கூட்டிக்கொள்வதால், பொதுவாக முன்பிருந்த மொத்தத் திறனில் 60 முதல் 70 விழுக்காடு வரை கிடைக்கும். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியாட்டினினின் அளவு முன்பைவிடச் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். கொடை கொடுத்தவர் என்று தெரியாத மருத்துவர் அதைப் பார்த்து நோய் என்று எண்ணிவிடலாம். திரும்பி வந்ததும் இங்குள்ள குடும்ப மருத்துவரிடம் அந்தத் தாள்களைக் கொடுத்து, ஆண்டுதோறும் ரத்த அழுத்தம், கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும் என்பதையும், இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை எனக்குத் தவிர்க்க வேண்டும் என்பதையும் பதிவேட்டில் சேர்க்கச் செய்தேன்.