அடுத்த என்.எஃப்.எல். சீசன்: எந்த ஆரூடத்தை நம்பலாம்?

என்.எஃப்.எல். என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில், 2008 ஆகஸ்ட்டில் டெட்ராய்ட் லயன்ஸ் அணி தன் பயிற்சி ஆட்டங்கள் நான்கிலும் வென்றது. செப்டம்பரில் நிஜமான சீசன் தொடங்கியது. பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. 2017இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அதையே அச்சுப் பிசகாமல் செய்தது: பயிற்சியில் 4-0, சீசனில் 0-16. பயிற்சி ஆட்டங்களில் முக்கிய வீரர்களைக் கோச்கள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே ஜெயிப்பதும் தோற்பதும் மூன்றாம் வரிசை ஆட்கள்தான். எனவே ஆகஸ்ட் ஆட்டத்தைப் பார்த்துக் குறி சொல்கிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடலாம்.

மிச்சமிருப்பவை நான்கு வழிகள்: போன வருட வெற்றி-தோல்விப் பட்டியல், புள்ளிகளை வைத்துப் போடும் கணக்கு, நிபுணர்களின் தரவரிசை, பந்தயச் சந்தை சொல்லும் எண். ஒவ்வொரு ஆண்டும் சீசனுக்கு முன்னால் 32 அணிகளுக்கும் ஒரு நோட்டில் எண் எழுதி வைப்பது என் பழக்கம். ஜனவரியில் எடுத்துப் பார்த்தால் பாதிப் பக்கத்துக்குச் சிரிப்பு வரும், மீதிக்கு வெட்கம் வரும். அந்த அனுபவத்தில்தான் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

போன வருடப் பட்டியலை அப்படியே நகல் எடுப்பதுதான் எல்லாரும் தம்மை அறியாமல் செய்வது. ஆனால் இந்த லீக் அந்த நகலைக் கெடுப்பதற்கென்றே கட்டப்பட்டது. புது வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் வாய்ப்பு. 1994 முதல் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு, பணக்கார முதலாளி நினைத்தாலும் நல்ல வீரர்களையெல்லாம் வாரிக்கொள்ள முடியாது. 1990இலிருந்து ஒவ்வொரு சீசனிலும், முந்தைய ஆண்டு பிளேஆஃபுக்கு (சீசன் முடிந்தபின் நடக்கும் நாக்அவுட் சுற்று) வராத அணிகளில் குறைந்தது நான்கு உள்ளே வந்திருக்கின்றன. இப்போது பிளேஆஃபில் 14 இடம். அதாவது பழைய பட்டியலை நகல் எடுத்தால், நான்கு பெயராவது தப்பு என்று எழுதும்போதே தெரியும். எந்த நான்கு என்பதுதான் தெரியாது.

சான் ஃபிரான்சிஸ்கோ 2024 பிப்ரவரியில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை ஓவர்டைம் வரை இழுத்துப்போய்த் தோற்றது. அடுத்த சீசனில் 6-11. எதிர்த்திசையில் வாஷிங்டன்: 2023இல் 4-13, ஜேடன் டேனியல்ஸ் என்ற புது குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வந்ததும் 12-5. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் இரண்டு வருடம் தொடர்ந்து 4-13 என்று கிடந்துவிட்டு 2025இல் 14-3 எடுத்து சூப்பர் பௌல் வரை போனது.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. யார் ஜெயித்தார்கள் என்பதை விட்டுவிட்டு, எத்தனை புள்ளி எடுத்தார்கள், எத்தனை கொடுத்தார்கள் என்று மட்டும் பார்ப்பது. பேஸ்பாலுக்காகப் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் போட்ட சூத்திரம் இது. அமெரிக்கன் ஃபுட்பாலுக்கு அடுக்கை மட்டும் 2.37 என்று மாற்றிக்கொள்கிறார்கள். கால்குலேட்டர் போதும், போட்டுப் பார்ப்போம். 2024இல் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் எடுத்தது 385 புள்ளி, கொடுத்தது 326. வகுத்தால் 1.18. அதை 2.37 அடுக்குக்கு உயர்த்தினால் சுமார் 1.48. 1.48ஐ, அதோடு ஒன்றைக் கூட்டிய 2.48ஆல் வகுத்தால் 0.6க்கு ஒரு நூல் கீழே. 17 ஆட்டத்தால் பெருக்கினால் பத்து வெற்றி.

ஆனால் அந்த ஆண்டு அவர்கள் ஜெயித்தது பதினைந்து!

மீதி ஐந்து எங்கிருந்து வந்தது? முதல் ஆட்டத்திலேயே பால்டிமோரின் கடைசிப் பந்தை இசையா லைக்லி, மைதானக் கோடியில் புள்ளி தரும் பகுதியான எண்டு ஸோனில் பிடித்தார். ரீப்ளேயில் பார்த்தால் ஷூவின் நுனி வெள்ளைக் கோட்டைத் தொட்டிருந்தது. டச் டவுன் இல்லை, சீஃப்ஸ் 27-20. நவம்பரில் டென்வர் 16-14 என்று பின்தங்கியிருந்தது. கடைசி நொடியில் 35 கஜத்திலிருந்து ஒரு சுலபமான ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி) மட்டும் பாக்கி. பந்தை சீஃப்ஸ் வீரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்துவிட்டார். இப்படி ஒரு விரல், ஒரு ஷூ நுனி என்று சேர்ந்ததுதான் பதினைந்து.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த சீசனின் கடைசி ஆட்டத்தில், முதலிடம் உறுதியாகிவிட்டதால், சீஃப்ஸ் முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து டென்வரிடம் 38-0 என்று தோற்றார்கள். அது கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். சரி, அந்த ஆட்டத்தை எடுத்துவிட்டுப் போட்டாலும் பத்தரைதான் வருகிறது. 2025இல் அதே அணி 6-11. டிசம்பரில் அவர்களுடைய குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது உண்மை. ஆனால் அந்த ஆட்டத்துக்குள் நுழையும்போதே கணக்கு 6-7 என்றுதான் இருந்தது. சூத்திரம் ஆறு என்று சொல்லவில்லை, பத்து என்றது. ஆனாலும் எந்தப் பக்கம் சாயும் என்று சரியாகக் காட்டியது.

மினசோட்டா வைகிங்ஸ் இன்னும் வேடிக்கை. 2022இல் 13-4. எடுத்தது 424, கொடுத்தது 427. பதின்மூன்று ஆட்டம் ஜெயித்த அணி மொத்தத்தில் மூன்று புள்ளி கடனில் இருந்தது. சூத்திரம் எட்டு சொச்சம் என்றது. மறு ஆண்டு 7-10. அங்கேயும் குவார்ட்டர்பேக் கர்க் கசின்ஸ் பாதியில் காயம்பட்டார் என்பதைச் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் 2024இல் அதே வைகிங்ஸ், வேறெங்கும் நிலைக்காத குவார்ட்டர்பேக் சாம் டார்னால்டைக் கொண்டுவந்து 14-3 எடுத்தபோது சூத்திரத்திடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. பந்தை யார் எறிகிறார் என்று அதற்குத் தெரியாது. அதன் பெரிய ஓட்டை அதுதான்.

அந்த ஓட்டையை அடைக்க வேண்டியவர்கள் நிபுணர்கள். பாதி அடைக்கிறார்கள். கோச் மாறியதும், தாக்குதல் வரிசையில் யார் வெளியேறினார் என்பதும் அவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் தரவரிசை போட உட்கார்ந்ததும் போன ஜனவரியில் பார்த்த பிளேஆஃப்தான் கண்முன் நிற்கிறது. மேலே இருந்தவர்கள் மேலே, கீழே இருந்தவர்கள் கீழே, நடுவில் நாலு பேரை மாற்றிப் போட்டால் ஆயிற்று. அப்புறம், பெரிய பெயர்கள் மீது ஒரு மயக்கம். 2011இல் ஃபிலடெல்ஃபியா நட்சத்திரங்களாகப் பார்த்து வாங்கிக் குவித்தது. மாற்று குவார்ட்டர்பேக் வின்ஸ் யங்கே அதைக் கனவு அணி என்று சொல்லிவைத்தார். சீசன் முடிவில் 8-8. என் அனுபவத்தில் நிபுணர் போடும் எண்ணைவிட அதற்குக் கீழே எழுதும் காரணம்தான் உருப்படியானது. எண்ணை மறைத்துக்கொண்டு படிக்கலாம்.

அட்டவணை கடினமா சுலபமா என்று மே மாதம் வரும் கட்டுரைகளைப் பற்றி ஒரே வார்த்தை: தாண்டிப் போங்கள். 17 ஆட்டங்களில் 14, அணி தன் பிரிவில் (நான்கு நான்கு அணிகள் கொண்ட குழு) எந்த இடத்தில் முடித்திருந்தாலும் அந்தப் பிரிவுக்கென்று சுழற்சி முறையில் வந்துவிடும். போன வருட இடத்தைப் பொறுத்து மாறுவது மூன்றே மூன்று. எதிரணிகளின் பலத்தையும் போன வருடக் கணக்கை வைத்துத்தான் அளக்கிறார்கள். அந்தக் கணக்கின் லட்சணத்தை மேலேயே பார்த்தோம்.

பந்தயச் சந்தை வேறு ரகம். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியச் சட்டத் தடையை நீக்கியபின் அந்த எண்கள் எல்லா இடத்திலும் கண்ணில் படுகின்றன. ஓர் அணி சீசனில் எடுக்கும் வெற்றி 9.5 என்று போடுவார்கள். அதற்கு மேலா கீழா என்பதுதான் பந்தயம். பணம் கட்டச் சொல்லவில்லை, எண்ணைப் படிக்கலாம் என்கிறேன். புள்ளிக் கணக்கு, கோச் மாற்றம், முழங்கால் செய்தி எல்லாம் அதில் ஏற்கெனவே கரைந்திருக்கிறது. தப்பாகச் சொன்னால் கைக்காசு போகும் என்ற பயம் நிபுணருக்கு இல்லை, சந்தைக்கு உண்டு. நான்கில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

குறை இல்லாமல் இல்லை. ரசிகர் கூட்டம் பெரிதாக உள்ள டல்லாஸ் போன்ற அணிகளுக்கு எண் அரை ஆட்டமாவது ஏறி நிற்கிறதோ என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். தவிர, சந்தை உச்சிக்குப் போகாது. யாருக்கும் 15 என்று போட்டு நான் பார்த்ததில்லை, ஆனால் பல வருடங்களில் யாராவது ஒருவர் பதினான்கோ பதினைந்தோ எடுத்துவிடுகிறார். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாணயத்தை 17 முறை சுண்டினால் சராசரியாக எட்டரை பூ விழும். ஆனால் இரண்டு கூடவோ குறையவோ வருவது சர்வசாதாரணம். ஓர் அணியின் உண்மையான பலம் உங்களுக்குத் துல்லியமாகவே தெரிந்திருந்தாலும், பதினேழே ஆட்டத்தில் இரண்டு வெற்றி முன்னே பின்னே போகும். ஒன்பது வெற்றிக்கும் பதினொன்றுக்கும் நடுவேதான் பிளேஆஃப் வாசல் இருக்கிறது என்பது வேறு கொடுமை.

2023 செப்டம்பர் 11, திங்கள் இரவு. நியூயார்க் ஜெட்ஸுக்காக நட்சத்திர குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸ் முதன்முறையாக இறங்குகிறார். அந்தக் கோடை முழுக்க நிபுணர்களும் சந்தையும் அவரை நம்பி ஜெட்ஸை உயர்த்தி வைத்திருந்தார்கள். அவர் இறங்கி நான்காவது முறை பந்து கைக்கு வந்தபோதே பஃபலோவின் லெனர்ட் ஃபிலாய்ட் அவரைக் கீழே தள்ளினார். எழுந்தவர் திரும்பப் புல்லில் உட்கார்ந்துவிட்டார். குதிகால் தசைநார் அறுந்துவிட்டது, சீசன் முடிந்தது. அன்றிரவு ஜெட்ஸ் ஓவர்டைமில் 22-16 என்று ஜெயித்தது என்பது பலருக்கு நினைவிலேயே இல்லை. கடைசியில் 7-10.

என் வழி இதுதான். முதலில் சந்தை எண்ணை எழுதுவேன். பக்கத்தில் சூத்திரம் தரும் எண். இரண்டுக்கும் இடையே இரண்டு வெற்றிக்கு மேல் வித்தியாசம் இருந்தால், சந்தைக்கு என்ன தெரியும் என்று தேடுவேன். பெரும்பாலும் பதில் குவார்ட்டர்பேக் அல்லது கோச். அப்படி ஒன்றும் அகப்படாவிட்டால் சூத்திரத்தின் பக்கம் ஒரு வெற்றி அளவு நகர்வேன். ஆகஸ்ட் கடைசியில் அணிகளின் இறுதி 53 பேர் பட்டியல் வரும்வரை மையால் எழுதுவதில்லை. ஒற்றை எண்ணும் கிடையாது, எல்லாம் வீச்சுதான்.

இவ்வளவு பத்தியம் இருந்தும் 2025இல் நியூ இங்கிலாந்துக்கு 7 முதல் 10 என்று போட்டிருந்தேன். மினசோட்டா போகவிட்ட டார்னால்டை எடுத்துக்கொண்ட சியாட்டிலுக்கும் ஏறக்குறைய அதேதான். இரண்டும் 14-3. 2026 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் மோதியதும் அந்த இரண்டும்தான், சியாட்டில் 29-13.

இந்த ஆண்டு நோட்டில் கான்சாஸ் சிட்டி பக்கம் மட்டும் இன்னும் இழுபறி. மஹோம்ஸுக்கு ஏற்பட்ட அந்த முழங்கால் காயம் ஆற வழக்கமாக ஒன்பது மாதமாவது ஆகும். டிசம்பரிலிருந்து எண்ணினால் சரியாக செப்டம்பர், சீசன் தொடங்கும் மாதம். இப்போதைக்கு 8 முதல் 11 என்று பென்சிலால் போட்டு வைத்திருக்கிறேன்.