ஸாம்பீஸின் ‘ஒடெஸி அண்ட் ஆரக்கிள்’: மோனோவா, ஸ்டீரியோவா?

இந்த இசைத்தட்டை எழுத்துப்பிழையோடுதான் தேட வேண்டும். அட்டைப்படம் வரைந்த டெர்ரி குவர்க், ‘ஒடிஸி’ என்ற ஆங்கிலச் சொல்லில் ‘ஒய்’ வர வேண்டிய இடத்தில் ‘இ’ போட்டுவிட்டார். தெரிந்தே செய்த சொல்விளையாட்டு என்று இசைக்குழு பல வருடம் சமாளித்தது. இணையத்தில் விற்பவர்களில் சிலர் அந்தப் பிழையைத் தாங்களே திருத்திப் பட்டியலிடுகிறார்கள். அதனால் இரண்டு விதமாகவும் அடித்துப் பாருங்கள். திருத்திய பெயரில் கிடக்கும் பிரதி வேறு யார் கண்ணிலும் படாமல் இருக்க வாய்ப்புண்டு.

ஸாம்பீஸ் இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்ப் பையன்கள். 1964-இல் ‘ஷீ இஸ் நாட் தேர்’ பாட்டால் அமெரிக்கா வரை தெரிந்தவர்கள். பிறகு எது போட்டாலும் எடுபடவில்லை. 1967-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஆயிரம் பவுண்டு கொடுத்து ஓர் ஆல்பம் செய்யச் சொன்னது. ஜூன் மாதம் அபே ரோடு ஸ்டூடியோவுக்குள் போனார்கள். பீட்டில்ஸ் ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஆல்பத்தை முடித்துவிட்டுப் போய்ச் சில மாதம்கூட ஆகவில்லை. ஜான் லெனனின் மெலோட்ரான் அங்கேயே கிடந்தது. அதையே எடுத்து வாசித்தார்கள். ஒவ்வொரு கட்டைக்கும் வாத்திய ஒலி பதிந்த ஒரு டேப் துண்டு ஓடும் கீபோர்டு பெட்டி அது. துண்டின் நீளம் ஏறக்குறைய 8 வினாடி. அதற்குமேல் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து வைக்க முடியாது. இந்த ஆல்பத்தில் வயலின் கூட்டம்போல ஒலிப்பது பெரும்பாலும் அந்தப் பெட்டிதான். நீண்ட கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒன்று நழுவித் திரும்பத் தொடங்குகிற இடத்தைக் காது ஒருமுறை பிடித்துவிட்டால், அப்புறம் பாட்டுக்குப் பாட்டு அதைத்தான் தேடும்.

மோனோ மிக்ஸ், அதாவது எல்லா ஒலியையும் ஒரே சேனலில் கலந்த வடிவம், முடிந்ததும் கையிருப்பும் முடிந்தது. அதன் பிறகுதான் கம்பெனி, இடம் வலம் என்று இரண்டு சேனலாகப் பிரித்த ஸ்டீரியோவும் வேண்டும் என்றது. பாடல்களை எழுதிய ராட் ஆர்ஜென்டும் கிறிஸ் வைட்டும் தங்கள் ராயல்டியிலிருந்து 200 பவுண்டு போட்டு அதைச் செய்து கொடுத்தார்கள். முன்னோட்டமாக வந்த சிங்கிள்கள் (தனிப்பாட்டுத் தட்டுகள்) விற்காததால், 1967 டிசம்பரிலேயே குழு கலைந்தது. 1968 ஏப்ரலில் ஆல்பம் கடைக்கு வந்தபோது அதை மேடையில் வாசிக்க ஆள் இல்லை. அமெரிக்காவில் இசைத் தயாரிப்பாளர் அல் கூப்பர் பிடிவாதம் பிடித்ததால் டேட் என்ற துணை நிறுவனம் வெளியிட்டது. ‘டைம் ஆஃப் த சீசன்’ 1969-இல் அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் 3-ஆம் இடம் தொட்டபோது, பாடகர் காலின் பிளன்ஸ்டோன் இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். குழுவின் பெயரைத் திருடி அமெரிக்காவில் போலி ஸாம்பீஸ் குழுக்கள் ஊர் ஊராகக் கச்சேரி செய்தன.

இத்தனை கதையும் எதற்கென்றால், வாங்கும்போது குழப்பம் இங்கிருந்துதான் வருகிறது. முதலில் முடித்தது மோனோ. ஸ்டீரியோ கடைசி நேரத்தில் சொந்தப் பணத்தில் செய்தது. நான்கே டிராக் (தனித்தனி ஒலிப்பாதை) உள்ள டேப்பில் பதிந்ததால் ஸ்டீரியோவில் வாத்தியங்களை ஆளுக்கொரு மூலையில் நிறுத்த வேண்டிவந்தது. ‘திஸ் வில் பி அவர் இயர்’ பாட்டு இன்னும் மோசம். அதன் பிராஸ் (பித்தளை ஊதுகருவிகள்) பகுதி மோனோ மிக்ஸ் செய்யும் நேரத்தில்தான் சேர்க்கப்பட்டது, மூல டேப்பில் இல்லை. எனவே பழைய ஸ்டீரியோ தட்டில் இந்தப் பாட்டு மட்டும் மோனோவிலிருந்து போலியாக விரித்த ஒலி. சளி பிடித்த மாதிரி கேட்கும். டிரம்ஸும் பேஸ் கிடாரும் ஒன்றாக முட்டித் தள்ளுகிற அழுத்தத்துக்கு மோனோதான். ஸ்டீரியோ ஜெயிக்கிற இடங்களும் உண்டு: ‘சேஞ்சஸ்’ பாட்டில் குரல்கள் அடுக்கடுக்காக விலகி நிற்பது அழகு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் மோனோ வாங்குங்கள். இரண்டும் வேண்டுமென்றால், 1998-இல் பிக் பீட் நிறுவனம் வெளியிட்ட முப்பதாம் ஆண்டு சி.டி.யில் இரண்டு மிக்ஸும் ஒரே தட்டில் இருக்கின்றன. அசல் பிரிட்டிஷ் எல்.பி.யின் (முழு ஆல்பத் தட்டின்) எண் 63280; முன்னால் ‘எஸ்’ இருந்தால் ஸ்டீரியோ. அமெரிக்க டேட் பதிப்பு ஸ்டீரியோ மட்டுமே.

12 பாடல்கள், 35 நிமிடம் சொச்சம். தொடக்கப் பாட்டு ‘கேர் ஆஃப் செல் 44’ துள்ளிக் குதிக்கும் மெட்டு. விஷயம் என்னவென்றால், சிறையிலிருந்து வெளியே வரப்போகும் காதலிக்கு எழுதும் கடிதம்! கிறிஸ் வைட்டின் பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். மெட்டுக்குக் கீழே தனியாக இன்னொரு மெட்டு ஓடும். எண்பதுகளின் இளையராஜா பாட்டில் பேஸ் கிடாரைத் தேடிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ‘எ ரோஸ் ஃபார் எமிலி’யில் பியானோவும் குரல்களும் மட்டும்தான். ‘புச்சர்ஸ் டேல்’ முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் மாட்டிக்கொண்ட ஒரு கசாப்புக்காரனின் புலம்பல். பிளன்ஸ்டோனின் பட்டுக்குரல் இதற்குச் சரிவராது. வைட்டே நடுங்கும் குரலில் பாடுகிறார். பின்னணியில் மிதித்து வாசிக்கும் ரீட் ஆர்கன், நம் நாடகமேடைக் கால் ஆர்மோனியத்தின் ஒன்றுவிட்ட அண்ணன். அமெரிக்கக் கம்பெனி முதல் சிங்கிளாகத் தேர்ந்தெடுத்தது இதைத்தானாம்! வியட்நாம் காலத்தில் எடுபடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள், எடுபடவில்லை. ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் மைன்’ பாட்டில் தெரிந்த ஜோடிகளின் பெயரெல்லாம் கல்யாணப் பத்திரிகைபோல அடுக்கி வருகிறது. நான்கு முறைக்கு மேல் தாங்காது. ‘ஐ வான்ட் ஹர் ஷீ வான்ட்ஸ் மீ’ இடத்தை நிரப்ப வந்தது.

தட்டில் ஓட்டும்போது ஒரு சிக்கல். மிகச் சிறந்த இரண்டு பாட்டுகளான ‘ஹங் அப் ஆன் எ ட்ரீம்’, ‘டைம் ஆஃப் த சீசன்’ இரண்டும் பக்கங்களின் கடைசியில், மையத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. நிமிடத்துக்கு 33⅓ சுற்றில், வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் ஒலி பதிந்த பள்ளம் வினாடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளம் ஓடும், மையத்துக்கு அருகில் 20 சொச்சம்தான். அதே ஒலியை அதில் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் நெருக்க வேண்டியிருப்பதால் கூம்பு ஊசி தடுமாறும்; ‘ஸ’ ஒலிகள் சீறும். ஒவ்வொரு பக்கமும் 17, 18 நிமிடமே என்பதால் புதுப் பதிப்புகளில் இது ஓரளவுக்குத் தப்பும். பழைய பிரதியில் முந்தைய சொந்தக்காரரின் கனத்த ஊசி அந்த இடத்தைத்தான் முதலில் தின்றிருக்கும். எனவே கடையில் கேட்டுப் பார்க்க விட்டால் முதல் பாட்டை விட்டுவிடுங்கள். இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டில் மூச்சுவிடும் ஒலியும் கைதட்டலும் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் நீள்வட்ட ஊசி, அது தட்டை அழுத்தும் எடை 2 கிராம் போதும். சூட்கேஸ் பிளேயரில் எடை 5 கிராம் வரை போகும்; அதில் இதை ஓட்டாதீர்கள்.

மும்பையில் எங்கே கிடைக்கும்? காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் இசைக்கடை 2016-இல் மூடியபின், புதுத் தட்டுக்குப் பெரும்பாலும் இணையம்தான். இறக்குமதி எல்.பி. 2,500 ரூபாய்க்குக் கீழே வருவது அபூர்வம். பழையதைத் துழாவ ஆசையிருந்தால் சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட். மாட்டுங்காவிலிருந்து ஸ்லோ டிரெயின் ஏறி சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் இறங்கி நடக்கலாம். வெள்ளிக்கிழமை கடைகள் மூடியிருக்கும், தெருவோரச் சந்தை மட்டும். ஆப்பா, போனி எம் குழுக்களின் தட்டுகள் குவிந்து கிடக்கும். ஸாம்பீஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். செல்போன் டார்ச்சைத் தட்டின் மீது சாய்த்து அடித்துப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படாத கீறல் பெரும்பாலும் சத்தம் போடாது. நகம் மாட்டினால் ‘டிக் டிக்’ நிச்சயம். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் மயிரிழைக் கோடுகள் நிறைய இருந்தால் தட்டு நிறைய ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

மும்பை மழைக்காலத்தில் நின்ற தட்டென்றால் வெள்ளைப் புள்ளியாகப் பூஞ்சை இருக்கும். கழுவும் கலவை இதுதான்: 750 மி.லி. டிஸ்டில்டு வாட்டர், 250 மி.லி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டே சொட்டு. மென்மையான பிரஷ்ஷால் பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்த்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை அலசுங்கள். அலசாவிட்டால் சோப்பு காய்ந்து ஊசியில் உருண்டையாகத் திரளும். லேபிள் நனையக் கூடாது. கை சானிட்டைசர் கூடவே கூடாது, அதில் இருக்கும் பசை பள்ளத்தில் தங்கிவிடும். தாத்தா வீட்டு பாகவதர் தட்டுக்கும் இதே கலவையைப் போட்டுவிடாதீர்கள்: 78 சுற்றுத் தட்டு அரக்கு, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும். பி.வி.சி. உறையில் வருடக்கணக்கில் வைத்தால் தட்டின் மேல் பனிபோல மங்கல் படியும். பாலிஎதிலீன் உறை வாங்குங்கள்.

மோனோ தட்டை ஓட்டும்போது ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்திவிடுங்கள். மோனோ பள்ளத்தில் ஒலி பக்கவாட்டில் மட்டும் இருக்கிறது. தூசியின் சத்தம் பெரும்பாலும் மேலும் கீழுமான அசைவில் வருவதால், இரண்டு சேனலையும் கூட்டும்போது அதில் பெரும்பகுதி கழிந்துபோகும்.

தட்டே வேண்டாம், போனில் போதும் என்பவர்கள் எந்த மிக்ஸ் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். லோக்கல் டிரெயினில் ஒரு காதில் மட்டும் இயர்போன் மாட்டி ஸ்டீரியோ மிக்ஸைக் கேட்டால் பாதி குழு வண்டியில் ஏறியிருக்காது. ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் ‘மோனோ ஆடியோ’ இருக்கிறது. அது அசல் மோனோ மிக்ஸ் ஆகிவிடாதுதான், ஆனால் ஆர்கன் சோலோ முழுசாகக் காதில் விழும்.